நோயாளியின் சுகமும் வைத்தியச் சோதனையும்

மக்கள் உடம்பிற்கு வரும் பிணிகளுள் வயிற்றைப் பற்றியன பல. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை வகுக்கப் புகுந்தபோது, மூலிகைகளின் பெயரையும் சூரணங்களின் அளவையும் கூறாது, உண்பதனையும் செரிப்பதனையுமே பெரிதும் எடுத்துரைத்தனர். அவ்வதிகாரத்தின் முடிவில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் உண்டென்று கூறுகின்றவர், நோயுற்றவனையே முதற்கண் வைத்து எண்ணுகின்றனர். வைத்தியனும், மருந்தும், உடனிருந்து உதவுவோனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். இவ்வரிசை முறையை நாம் மறவாதிருத்தல் நலம்.

சுரம் கண்டாரை வெப்பமானி கொண்டு அளக்கலாம். எலும்பு முறிந்தாரை எக்ஸ்ரே படம் காட்டிக் கொடுக்கும். வயிற்று நோயாளரின் நிலையோ அத்தன்மையதன்று. எரிச்சலும், உப்புசமும், குமட்டலும், உண்ட உடனே கழிப்பறை தேடி ஓட வேண்டிய அவதியும் அவற்றை நுகர்வார்க்கன்றிப் பிறர்க்குத் தெரியா. அன்றியும், இவற்றை வாய்விட்டுச் சொல்ல நாணுவோரே பலர். மாமியார் முன்னிலையில் மருமகளும், மக்கள் முன்னிலையில் தந்தையும் தம் மலங்கழிதலைப் பற்றி எங்ஙனம் விரித்துரைப்பர்? ஆதலின், செரிமானத்தைப் பற்றிய வைத்தியத்தில் நோயாளியின் சுகம் இன்னதென்று அறிதலே ஓர் அரிய காரியமாகின்றது. புதிய சிகிச்சையொன்றைச் சோதிக்குங்கால், புண் ஆறிற்றா, கட்டி குறைந்ததா, உயிர் நின்றதா என்பவற்றை மாத்திரம் கணக்கிட்டாற் போதுமா? நோயாளி சுகமாயிருந்தாரா என்பதனையும் கணக்கிட வேண்டுமா? வேண்டுமாயின், எம்முறையால்? இவ்வினாக்களுக்கு எமக்குப் பட்ட விடையை இங்கே கூற விரும்புகின்றோம்.

இவ்விஷயத்தில் இருவகைப் பிழை நிகழ்வதுண்டு. சுகம் என்பது செல்வர் விரும்பும் ஆடம்பரம், அதனைச் சோதித்து நேரத்தைப் போக்குவது வீண் என்று கருதுதல் ஒன்று. ஒருவர் சுகமடைந்தேன் என்று சொல்லிவிட்டால் அம்மருந்து கைகண்டதென்று முடிவு கட்டுதல் மற்றொன்று. முன்னது கற்ற வைத்தியரிடத்தும், பின்னது பொதுமக்களிடத்தும் மிகுதியாகக் காணப்படும். இரண்டாவது பிழையை முதலில் ஆராய்வோம்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மினசோட்டா பல்கலைக் கழகத்தில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்னும் புகழ்பெற்ற சத்திர வைத்தியர் ஒரு புதுமுறையை வெளியிட்டனர். முன்சிறுகுடலில் புண்ணுற்றவரை ஒரு பையைக் குழாயோடு விழுங்கச் செய்து, கடுங்குளிரூட்டிய திரவத்தை அப்பையினுட் பாய்ச்சி, இரைப்பையை உறைநிலைக்குக் கொணர்வதே அம்முறை. அதனால் அமிலச் சுரப்பு அடங்கும், புண் தானே ஆறும், கத்தியால் அறுக்க வேண்டியதில்லை என்று அவர் கருதினர். இச்சிகிச்சை பெற்றவர் பலரும் வலி நீங்கிற்று என்று மகிழ்ந்து கூறினர். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வயிறுகள் இவ்வாறு குளிர்விக்கப்பட்டன.

பின்னர் வேறு சில வைத்தியர் ஒன்றுகூடி ஒரு நேர்மையான சோதனையை நடத்தினர். 160 நோயாளரைத் திருவுளச் சீட்டு முறையால் இருபிரிவாக்கினர். 82 பேருக்கு மெய்யாகவே குளிர்விக்கும் சிகிச்சை செய்தனர். எஞ்சிய 78 பேருக்கும் அதே பையையும் குழாயையும் செலுத்தினர். ஆயினும் அவர் வயிற்றைக் குளிர்வித்திலர். எவர் எப்பிரிவினர் என்பதை நோயாளரும் அறியார், அவரை மதிப்பிட்ட வைத்தியரும் அறியார். 1969இல் முடிவு வெளியாயிற்று. மெய்ச்சிகிச்சை பெற்றாருள் 28 பேர், அஃதாவது நூற்றுக்கு 34 பேர், குணங்கண்டனர். போலிச்சிகிச்சை பெற்றாருள் 30 பேர், நூற்றுக்கு 38 பேர், குணங்கண்டனர். அதன்பின் அக்கருவிகள் பயனற்றனவாய் ஒதுக்கப்பட்டன.

இதிற் பொய் சொன்னவர் ஒருவருமிலர். நோயாளர் மெய்யாகவே சுகமடைந்தனர். வைத்தியரும் நல்லெண்ணத்தோடு உழைத்தனர். குடற்புண்ணின் வலி தானே ஏறித் தானே தணியும் இயல்புடையது. வலி மிக்க காலத்திலேயே நோயாளி வைத்தியரை நாடுகின்றார். அதன்பின் எது செய்யினும் சிறிது தணிவு உண்டாதல் இயற்கை. அத்தணிவைக் குளிரின் செயலென்று அனைவரும் எண்ணிவிட்டனர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு இல்லாதவிடத்து, அனுபவம் என்பது எத்துணைப் பெரிதாயினும் வழிகாட்டாது. நம்மூர்களில், இன்ன லேகியம் உண்டேன், மூன்றே நாளில் வயிறு சரியாயிற்று என்று சொல்வார் சொல்லையும் இவ்வாறே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனமாயின், நோயாளியின் சொல்லை நம்பவே கூடாதோ எனின், அதுவும் பிழையாம். குடலைச் சோதித்தால் புண்ணோ கட்டியோ யாதொன்றும் காணப்படாதிருக்கவும், ஆண்டுக்கணக்காக வலியும், உப்புசமும், கழிச்சலும், மலச்சிக்கலும் மாறிமாறி வருத்தும் ஒரு நோய் உண்டு. ஐ.பி.எஸ். என்னும் எழுத்துக்களால் வைத்தியர் அதனைக் குறிப்பர். இந்நோயில் நோயாளியின் சொல்லையன்றி வேறு அளவுகோல் இல்லை. 2008இல் டெட் காப்ச்சுக் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் இந்நோயுற்ற 262 பேரை மூன்று பிரிவாக்கி மூன்று வாரம் சோதித்தனர். முதற்பிரிவினரைக் காத்திருக்கும்படி மாத்திரம் சொல்லினர். இரண்டாம் பிரிவினர்க்குத் தோலைத் துளைக்காத போலி ஊசிகளை வைத்து, அதிகம் பேசாது அனுப்பினர். மூன்றாம் பிரிவினர்க்கும் அதே போலி ஊசிகளை வைத்தனராயினும், வைத்தியர் அவரோடு அமர்ந்து, அன்போடு வினவி, அவர் துன்பத்தைப் பொறுமையாகக் கேட்டனர். போதிய சுகம் கண்டேம் என்றவர் முதற்பிரிவில் நூற்றுக்கு 28, இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62.

இவ்வெண்களை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வைத்தியரின் இன்சொல்லும் பொறுமையும் வெறும் மரியாதையல்ல. அவை சிகிச்சையின் பகுதியாய் நின்று பயன் தருவன. அப்பயனும் கணக்கிட்டு அறியத்தக்கதே. இதனை அறிந்தது எதனால்? உயிர்காக்கும் மருந்துக்குரிய அதே கண்டிப்போடு சுகத்தையும் சோதித்ததனாலன்றோ? வயிற்றைக் குளிர்வித்த கதையும் இக்கதையும் ஒன்றற்கொன்று மாறானவை போலத் தோன்றினும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன. சுகம் மெய்யானது, ஆயின் அது எதனால் வந்தது என்பதை நேர்மையான ஒப்பீட்டாலேயே அறிதல் கூடும்.

இனி, சுகத்தை ஆடம்பரமென்று கருதும் முதற்பிழையை நோக்குவோம். வயிற்றினுள்ளே கண்ணாற் காண வேண்டும் என்னும் ஆசை வைத்தியர்க்கு நெடுநாளாக இருந்தது. 1868இல் ஜெர்மானிய வைத்தியராகிய குஸ்மௌல், வளையாத நேரிய குழாயொன்றைச் செலுத்திப் பார்க்க விரும்பி, கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தனர். அவரன்றி வேறெவர் அதனைப் பொறுத்திருப்பர்? 1957இல் பேஸில் ஹிர்ஷோவிட்ஸ் என்பார் கண்ணாடி இழைகளாலான வளையுங் குழாயைச் செய்து, நோயாளிக்குச் செலுத்துமுன் தாமே அதனை விழுங்கிப் பார்த்தனர். அச்செயலை யாம் பெரிதும் போற்றுகின்றோம். பிறர் படவிருக்கும் துன்பத்தை முன்னரே தம் உடம்பில் உணர்ந்து பார்க்க விரும்பியவர் அவர்.

இன்று பெருங்குடலை நோக்கும் குழாய்ச் சோதனை எங்கும் நடைபெறுகின்றது. புற்றாக மாறத்தக்க சிறு முளைகளை அதனாற் கண்டு, அப்பொழுதே அகற்றிவிடலாம். ஆயினும் மக்கள் அதற்கு அஞ்சுகின்றனர். குழாயைவிட அதற்கு முன் செய்யும் ஆயத்தமே அவரை அதிகம் அச்சுறுத்துகின்றது. குடலைக் கழுவும் பொருட்டு நான்கு லிட்டர் மருந்துநீரைக் குடிக்க வேண்டுமென்பது முன்னைய வழக்கம். குடிக்க இயலாது பாதியில் நிறுத்தினவர் பலர். நிறுத்தினால் குடல் தூய்மையாகாது, வைத்தியர் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. பிற்காலத்துச் சோதனைகள், நீரின் அளவைக் குறைக்கலாம் என்பதனையும், முழுவதையும் முன்னிரவிலேயே குடியாது பாதியை இரவிலும் பாதியை மறுநாட் காலையிலுமாகக் குடித்தால் குடல் மேலும் தூய்மையாகும் என்பதனையும் நிறுவின. குடலை விரிப்பதற்குக் காற்றை ஊதுவதற்கு மாறாகக் கரியமில வாயுவை ஊதினால், அது விரைவிற் குடற்சுவரால் உறிஞ்சப்பட்டு மூச்சோடு வெளியேறுவதால், பின்னர் வரும் வயிற்று நோவு குறைகின்றது என்பதும் சோதனையால் அறியப்பட்டதே.

கானடா தேசத்தில் ரெடல்மையர் என்பாரும் பிறரும் 682 பேரிடத்து நடத்தி 2003இல் வெளியிட்ட சோதனை வியக்கத்தக்கது. வலியைப் பற்றிய நினைவு, வலி நீடித்த காலத்தைப் பொறுத்ததன்று; அதன் உச்சத்தையும் இறுதியையுமே பொறுத்தது என்று அவர் முன்னரே கண்டிருந்தனர். ஆதலின் திருவுளச் சீட்டால் தெரிந்த ஒரு பிரிவினர்க்கு, சோதனை முடிந்த பின்னும் குழாயின் நுனியை உடனே எடுத்துவிடாது சிறிது நேரம் அசையாதபடி வைத்திருந்தனர். அதனால் சோதனை சிறிது நீண்டது. இறுதி நேரத்து வலியோ குறைந்தது. அவர்கள் பின்னர் நினைவு கூர்ந்தபோது, உடனே முடித்துவிடப்பட்டவரைவிடக் குறைந்த துன்பமே பட்டதாகக் கூறினர். சோதனையை இனிதாக நினைப்பவரே மறுமுறையும் வருவர். வருபவரிடத்தன்றோ நோயை முன்னறிந்து தடுத்தல் கூடும்? சுகம் இங்கே உயிரோடு பிணைந்து நிற்கின்றது.

வாந்திபேதியின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். உப்பும் சர்க்கரையும் தக்க அளவிற் கலந்த நீரைக் குடிப்பித்தால், நரம்பின் வழி ஏற்றும் நீர் மிகக் குறைவாகவே வேண்டப்படும் என்பதை 1968இல் டாக்காவில் நடந்த சோதனை காட்டிற்று. 1971இல் அகதிகள் வெள்ளம் போல் வந்து நிறைந்த வங்காளத்துப் பன்காவ் முகாமில், திலீப் மகலானபிஸ் என்னும் வைத்தியர் அந்நீரைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தனர். உயிரைக் காக்கும் அந்நீர் கழிச்சலை நிறுத்துவதில்லை. பிள்ளைக்குப் பேதி நிற்கவில்லையே என்று தாய் அதனை வெறுத்து, வேறு மருந்தை நாடுகின்றாள். இதனை அறியாமை என்று இகழ்ந்து போதல் எளிது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அறிஞர்கள் அங்ஙனம் செய்தாரல்லர். வாந்திபேதியுற்ற 48 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான நீரையும், ஒரு பிரிவினர்க்கு அரிசிமா கலந்த நீரையும், ஒரு பிரிவினர்க்குச் சிறுகுடலில் எளிதிற் செரியாத மக்காச்சோள மாவு கலந்த நீரையும் கொடுத்துப் பார்த்தனர். அம்மாவு பெருங்குடலை அடைந்து, ஆண்டுள்ள நுண்கிருமிகளாற் புளித்து, உப்பையும் நீரையும் உடம்பிற்குள் மீட்கத் துணைசெய்யும் என்பது அவர்தம் கருத்து. மக்காச்சோள மாவு பெற்றவர்க்கு, வழக்கமான நீர் பெற்றவரினும் கழிச்சல் குறைந்து, விரைவில் நின்றது என்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோயாளர் வேண்டுவது யாதென்று செவிமடுத்துச் செய்த ஆராய்ச்சிக்கு இஃதோர் உதாரணம்.

சுகத்தின் பொருட்டு ஆபத்தை எவ்வளவு ஏற்கலாம் என்பது மற்றொரு கடினமான வினா. மேற்கூறிய ஐ.பி.எஸ். நோயிற் கழிச்சல் மிக்க பெண்டிர்க்காக அலோசெட்ரான் என்னும் மருந்து 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. சிலர்க்குக் குடலின் இரத்தவோட்டம் குறைந்து கொடிய விளைவுகள் நேர்ந்தமையால், அவ்வாண்டு நவம்பரிலேயே அது கடைகளினின்றும் நீக்கப்பட்டது. அப்பொழுது அம்மருந்தால் பயன்பெற்ற நோயாளர் வாளாவிருந்திலர். வீட்டை விட்டு வெளியே செல்லவும் முடியாதிருந்த எமக்கு இஃது வாழ்வளித்தது, ஆபத்தை அறிந்தே ஏற்கின்றோம் என்று முறையிட்டனர். 2002இல் கடுமையான கட்டுப்பாடுகளோடு அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சத்தக்க நோயன்று என்று பிறர் எளிதாய்ச் சொல்லும் ஒன்று, அதனைச் சுமப்பார்க்கு எத்துணைப் பாரமாயிருக்கின்றது! சீர்தூக்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு. ஆயின் சீர்தூக்குவதற்கு இருபுறத்தும் உண்மையான எண்கள் வேண்டும். அவ்வெண்களைத் தருவது சோதனையே.

சோதனை என்றவுடன், மனிதரை எலிகளைப் போல் நடத்துவதோ என்று வெகுள்வாருமுளர். அவர் அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. 1822இல் மக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் சென்மார்ட்டின் என்னும் கூலியாளரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தனர், வயிற்றில் ஒரு துவாரம் மூடாதே நின்றுவிட்டது. அவரைக் காத்த இராணுவ வைத்தியராகிய வில்லியம் போமான்ட், பட்டு நூலில் உணவைக் கட்டி அத்துவாரத்தின் வழியே இறக்கி, உணவு செரிக்கும் விதத்தைப் பல்லாண்டு சோதித்து, 1833இல் நூலாக வெளியிட்டனர். செரிமானத்தைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பல அந்நூலில் தொடங்கியவையே. ஆயின் சென்மார்ட்டின் அச்சோதனைகளை வெறுத்துத் தம் ஊருக்கு ஓடினர். பின்னர் எத்துணை அழைத்தும் வந்திலர். 1880இல் அவர் இறந்தபோது, வைத்தியர் அவர் உடலைத் தோண்டி எடுக்கக் கூடாதென்று உறவினர் மிக ஆழமான குழியிற் புதைத்தனர். அறிவு வளர்ந்தது, அவ்வறிவைத் தந்த மனிதரின் சுகம் மாத்திரம் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

இக்காலத்து நிலை அதுவன்று. 1964இல் ஹெல்சிங்கியிற் செய்யப்பட்ட பிரகடனம், சோதிக்கப்படுவோரின் நலமே முதன்மையானதென்று வைத்தியர்க்கு விதித்தது. நம் தேசத்தில் 2009 முதல் மருத்துவச் சோதனைகளை முன்னதாகவே பொதுப் பதிவேட்டிற் பதிதல் கட்டாயமாயிற்று. 2019ஆம் ஆண்டின் விதிகள், விளங்கச் சொல்லிப் பெறும் சம்மதத்தையும், சோதனையாற் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சையையும் இழப்பீட்டையும் வற்புறுத்துகின்றன. இவ்வேலிகளுக்குட்பட்ட சோதனை கொடுமையன்று. சோதியாத சிகிச்சையை ஆயிரவர்க்குக் கொடுப்பதும் ஒரு சோதனையே; அதில் சம்மதமும் இல்லை, கணக்கும் இல்லை, கற்கும் பாடமும் இல்லை என்பதொன்றே வேறுபாடு. குளிர்விக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வயிறுகள் அதற்குச் சாட்சி.

இன்னுமொன்று கூற வேண்டும். பிற தேசத்தார் கண்ட முடிவுகள் உயிர் பிழைத்தலைப் பற்றியனவாயின், அவற்றுட் பல நமக்கும் பொருந்தும். சுகத்தைப் பற்றிய முடிவுகளோ இடத்திற்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப மாறுவன. குடல் கழுவும் நீரின் இரண்டாம் பாதியைக் காலையிற் குடிக்க வேண்டும் என்பது நகரத்தில் வீட்டிலேயே கழிப்பறை உடையவர்க்கு எளிது. விடியுமுன் கிராமத்தினின்று புறப்பட்டு, இரண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழை மூதாட்டி அதனை எங்கே குடிப்பாள்? குடித்தபின் வழியில் எங்கே இறங்குவாள்? நாற்பது படுக்கைக்கு ஒரு கழிப்பறையுள்ள தர்ம ஆஸ்பத்திரியில், மறைவுத் திரையும் இன்றி, அவள் படும் நாணத்தை எந்த அயல்நாட்டுச் சோதனை அளந்துள்ளது? முன்னாளிரவே அவளை வரவழைத்துத் தங்கச் செய்தல் நலமா, பிற்பகலிற் சோதனை வைத்தல் நலமா என்பவற்றை நம் ஆஸ்பத்திரிகளே, நம் நோயாளரிடத்தே, ஒப்பிட்டுச் சோதித்து அறிதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருளும் புதுக்கருவியும் வேண்டா. கேட்கும் செவியும், எழுதும் ஏடும், நேர்மையும் இருந்தாற் போதும். சுகம் பணம் செலுத்துவார்க்கு மாத்திரம் உரியதென்று எண்ணும் நிலை நீங்குதற்கும் இதுவே வழியாம்.

நம் கலாசாலையிற் பயின்று வைத்தியராகவும், செவிலியராகவும், மருந்தாளராகவும் செல்லவிருக்கும் மாணவ நண்பர் பலர். அவர்கள் ஒரு சோதனையின் முடிவைப் படிக்குங்கால், எத்தனை பேர் குணமடைந்தனர் என்பதோடு நில்லாது, அவர் எப்படியிருந்தனர், அதனைக் கேட்டவர் யார், எதனோடு ஒப்பிட்டனர் என்றும் வினவுவாராக. வைத்தியராகாத ஏனையோரும் ஒரு நாள் நோயாளராகவோ, நோயாளர்க்குத் துணையாகவோ ஆஸ்பத்திரி வாயிலில் நிற்கப் போகின்றவரே. அந்நாளில், நாணத்தை விடுத்துத் தம் துன்பத்தை உள்ளவாறு சொல்வாராக. தக்க சோதனையொன்றிற் சேருமாறு அழைக்கப்பட்டால், விவரங்களை நன்கு கேட்டறிந்து, மனமிசைந்தாற் சேர்வாராக. அவர் சொல்லும் ஒரு சொல், பின்வரும் ஆயிரவர் படும் அவதியைக் குறைக்கக் கூடும்.